நகராட்சிக்குக் கடன் கொடுத்த தூய்மைப் பணியாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒரு அன்பர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மாதான் இருந்தேன், மூன்றாம் நாள் முடியவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். நம் மாநகராட்சிகள் கடனில் தள்ளாடுவதற்கு ஊழியர் சங்கங்கள்தான் காரணம், அமெரிக்காவில் நியூயார்க் நகரமே 1975இல் சங்கங்களுக்குச் சம்பளமும் பென்ஷனும் அள்ளிக் கொடுத்துத் திவாலாகிப் போனது, நாமும் அந்த வழியில்தான் போகிறோம் என்பது அவர் வாதம். 2025 ஆகஸ்டில் சென்னையில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்ததையும், நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியதையும் அதோடு முடிச்சுப் போட்டு, இந்த மாதிரி கண்டிப்பு இருந்தால்தான் நகரம் பிழைக்கும் என்று முடித்திருந்தார்.

முதலில் ஒரு திருத்தம். நியூயார்க் நகரம் 1975இல் திவாலாகவில்லை. திவாலின் வாசல் வரை போய், ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லாத நிலையில் திரும்பி வந்தது. அன்றைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது வங்கியும் இல்லை, வாஷிங்டனும் இல்லை, வாத்தியார்களின் பென்ஷன் பணம்.

நான் நகராட்சிக் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் (இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லைப் போடலாமா தெரியவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது). மகள் நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறாள். பேரன் பிறந்த சமயம் ஆறு மாதம் அங்கே போய் இருந்தோம். என் மனைவிக்கு வேலை சரியாக இருந்தது, எனக்குத்தான் பொழுது போகவில்லை, பனிக்காலம் வேறு. பக்கத்துப் பொது நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, நம் தொழில் சம்பந்தப்பட்டதாயிற்றே என்று அந்த ஊர் பட்ஜெட் கதையைத் தோண்டித் தோண்டிப் படித்தேன். கணக்குப்பிள்ளை புத்தி வேறெங்கே போகும்.

அந்த நகரம் ஏன் கடனில் விழுந்தது? சம்பளமும் பென்ஷனும் ஒரு காரணம்தான், அதை மறைக்கப் போவதில்லை, பின்னால் வருகிறேன். ஆனால் 1969க்குப் பிறகு ஏழெட்டு வருடத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் வேலைகள் அந்த ஊரைவிட்டுப் போயின. துணி தைக்கும் பட்டறைகள், அச்சகங்கள், துறைமுகக் கூலி வேலை எல்லாம். வரி கட்டிக்கொண்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள் புறநகருக்கு வீடு மாறின. 1973இல் எண்ணெய் விலை ஏறியது, அதன் பின்னாலேயே பொருளாதார மந்தம் வந்தது. இன்னொரு பக்கம் நகரமே நடத்தும் பொது மருத்துவமனைகள், 1847 முதல் ஃபீஸ் வாங்காமல் நடந்த கல்லூரிப் படிப்பு, ஏழைகளின் மருத்துவச் செலவில் கால்பங்கை மாநில அரசு நகரத்தின் தலையில் கட்டும் ஏற்பாடு. வேறு பல ஊர்களுக்கு இல்லாத சுமை அது.

வரவுக்கும் செலவுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை எப்படி மூடினார்கள் என்பதைப் படித்தபோதுதான் எனக்கு நம் ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. நம் ஊரில் கேட்பு, வசூல், நிலுவை என்று ஒரு பதிவேடு உண்டு. கேட்பு என்றால் இந்த வருடம் வர வேண்டிய வரி. அதில் ஒரு பகுதி எந்தக் காலத்திலும் வராது என்பது பில் கலெக்டருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இடிந்துபோன மில் ஒன்று, அண்ணன் தம்பி வழக்கில் கிடக்கும் கல்யாண மண்டபம் ஒன்று, உரிமையாளர் யாரென்றே தெரியாத காலி மனைகள் என்று அந்த நிலுவை வருடா வருடம் அப்படியே அடுத்த பக்கத்துக்கு ஏறும். எடுத்துவிடலாமே என்றால் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் பட்ஜெட்டில் வரவு குறைந்துவிடும். நியூயார்க்கிலும் அதேதான். வராது என்று தெரிந்த சொத்து வரியை வரும் என்று எழுதி, அந்த வரவைக் காட்டிக் குறுகிய காலக் கடன் பத்திரம் விற்றார்கள். பத்திரம் முதிர்ந்ததும் அதை அடைக்க இன்னொரு பத்திரம். அப்புறம் அன்றாடச் செலவைத் தூக்கி மூலதனக் கணக்கில் வைத்தார்கள், அதாவது பாலம் கட்ட, பள்ளிக்கூடம் கட்ட என்று நீண்ட காலத்துக்கு வாங்கிய கடனில் இந்த மாதச் சம்பளம் போகும். நம் ஊர் தணிக்கைக்காரர் என்றால் பச்சை மையில் நாலு ஆட்சேபணை எழுதியிருப்பார் (எழுதி, அதற்கு நாங்கள் பதில் எழுதி, அதுவும் பத்து வருடம் நிலுவையில் கிடக்கும் என்பது வேறு விஷயம்). 1975 வாக்கில் அப்படி மூலதனக் கணக்கில் ஒளிந்திருந்த அன்றாடச் செலவு வருடத்துக்குச் சுமார் 70 கோடி டாலர். மொத்தக் கடன் 1,400 கோடி டாலர் அளவில், அதில் ஏறத்தாழ 600 கோடி குறுகிய காலக் கடன். அப்போதைய மேயர் ஆப்ரகாம் பீம் அதற்கு முன்னால் நகரத்தின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர். பணத்தைப் பற்றித் தெரிந்தவர் என்று சொல்லித்தான் ஓட்டு கேட்டார்.

இந்தப் பத்திரங்களை விற்றுக் கமிஷன் பார்த்தவை பெரிய வங்கிகள். 1975 பிப்ரவரியில் மாநிலத்தின் நகர்ப்புற வளர்ச்சிக் கழகம் கடன் தவணை கட்டத் தவறியதும்தான் அவர்களுக்கு உறைத்தது, இரண்டொரு மாதத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். பிறகு 1977இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் ஒரு அறிக்கை வெளியிட்டது. நிலைமை தெரிந்திருந்தும் முதலீட்டாளர்களிடம் மறைத்தார்கள் என்று மேயர் தரப்பையும் வங்கிகளையும் சேர்த்தே அதில் குற்றம் சொன்னார்கள். உங்கள் வாசகர் படித்த இடத்தில் இது இல்லை போலிருக்கிறது.

சரி, சங்கங்கள் அப்போது என்ன செய்தன? அழகாக நடந்துகொண்டன என்று சொல்ல மாட்டேன். ஜூன் மாதம் போலீஸ், தீயணைப்புச் சங்கங்கள் சேர்ந்து ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தன. அட்டையில் முக்காடு போட்ட மண்டை ஓடு, 'பயத்தின் நகரத்துக்கு நல்வரவு' என்று தலைப்பு, உள்ளே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் நடக்காதீர்கள், சப்வேயில் ஏறாதீர்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு அறிவுரை. ஊர் பிழைத்தால்தான் சம்பளம் என்றிருக்கும்போது, ஊருக்கு வருகிறவனைப் பயமுறுத்தித் துரத்தினால் யாருக்கு லாபம்? நானாக இருந்தால் அந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்க மாட்டேன். ஜூலை 1ஆம் தேதி ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களுக்கும் மூவாயிரம் அளவுக்குத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. வேலை போன போலீஸ்காரர்கள் புரூக்ளின் பாலத்தை மறித்தார்கள். குப்பை வண்டிக்காரர்கள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள், கோடை வெயிலில் நடைபாதை முழுக்கக் குப்பைப் பைகள் குவிந்தன. செப்டம்பரில் ஆசிரியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டப்படி தடை, 1967இல் வந்த டேலர் சட்டத்தின்படி ஒரு நாள் நின்றால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். நமக்கு இது புதிதில்லை. 2003 ஜூலையில் இங்கே பறிக்கப்பட்ட சலுகைகளுக்காக வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஒரே மூச்சில் டிஸ்மிஸ் செய்ததும், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொன்னதும் என் வயதுக்காரர்கள் யாருக்கும் மறக்காது.

நியூயார்க்கில் இந்த அமளிக்கு நடுவில், நகரத்துக்காகப் பத்திரம் விற்றுப் பணம் திரட்ட மாநில அரசு நகராட்சி உதவிக் கழகம் என்று ஒன்றை ஜூனில் உண்டாக்கியது. அதன் ஆங்கிலச் சுருக்கம் 'மேக்', அதனால் பர்கர் பெயரை வைத்துக் கிண்டலாக 'பிக் மேக்' என்று கூப்பிட்டார்கள். ஃபெலிக்ஸ் ரோஹாட்டின் என்ற முதலீட்டு வங்கிக்காரர்தான் அதில் முக்கியமானவர். செப்டம்பரில் அவசர நிதிக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. மேயர் பெயருக்கு இருந்தார், செக்கில் கையெழுத்து யாருடையது என்பது மாறிவிட்டது. வாத்தியார்கள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய ஒப்பந்தத்தைக்கூட அந்த வாரியம் அக்டோபர் தொடக்கத்தில் செல்லாது என்று திருப்பி அனுப்பியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பத்து நாளில் அதே வாத்தியார்களிடம்தான் கைநீட்டிப் போய் நின்றார்கள்.

அக்டோபர் 17ஆம் தேதி 45 கோடியே 30 லட்சம் டாலர் கட்டியாக வேண்டும், கஜானாவில் இல்லை. ஆசிரியர் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்கு உதவிக் கழகத்தின் பத்திரம் வாங்கினால் தப்பிக்கலாம். ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் முடியாது என்றுவிட்டார். முதல் நாள் இரவு ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒரு நட்சத்திர ஹோட்டலில் வருடாந்திர விருந்தில் வில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், விஷயம் காதுக்கு வந்ததும் அதே உடுப்போடு மேயர் மாளிகைக்கு ஓடினார்கள். கடன் கட்ட வழியில்லை என்ற அறிவிப்பைத் தட்டச்சு செய்து மேயருக்குத் தயாராக எடுத்து வைத்துவிட்டார்கள். இரவு முழுக்கப் பேச்சு, மறுநாள் காலையும் பேச்சு. ஷாங்கர் மறுத்ததில் தப்பே கிடையாது, நான் அவர் இடத்தில் இருந்தாலும் மறுத்திருப்பேன். சம்பளம் கொடுக்கிறவனிடமே பென்ஷன் பணத்தையும் கடனாகக் கொடுத்தால், அவன் விழுகிற அன்று வேலையும் போகும், பென்ஷனும் போகும். அது அவர் பணமும் இல்லை, கரும்பலகையில் எழுதி எழுதிச் சுண்ணாம்புத் தூள் தின்றவர்களின் கிழவயதுச் சோறு. ஆனால் கொடுக்காவிட்டால் நகரம் அன்றைக்கே விழும், அப்போதும் முதலில் அடிபடுவது அதே வாத்தியார்கள்தான். இரண்டு பக்கமும் இடி. மதியம் இரண்டு மணிக்கு மேல், கெடு முடிய ஒரு மணி நேரம்கூட இல்லாத நேரத்தில், சரி என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து அதிபர் ஃபோர்டு மேடையேறி, நகரத்தைக் காப்பாற்ற மத்திய அரசு பணம் கொடுக்கும் மசோதா எது வந்தாலும் தடுப்பேன் என்றார். மறுநாள் ஒரு பத்திரிகை 'ஃபோர்டு நகரத்துக்கு: செத்துப் போ' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை, ஆனால் ஊருக்குப் புரிந்தது அப்படித்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மனசு மாறி வருடத்துக்கு 230 கோடி டாலர் வரை குறுகிய காலக் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டார். நகரம் அதை வட்டியோடு திருப்பிக் கட்டியது, மத்திய அரசுக்கு அதில் லாபம்தான். அதற்குள் விக்டர் காட்பாம் தலைமையிலான நகர ஊழியர் சங்கமும் மற்றவையும் சேர்ந்து, பென்ஷன் நிதிகளிலிருந்து 250 கோடி டாலர் அளவுக்குப் பத்திரம் வாங்க இசைந்திருந்தன. வர வேண்டிய சம்பள உயர்வையும் ஒத்திவைத்தார்கள், அதிலும் சம்பளம் குறைந்தவருக்குக் கொஞ்சமாக, மேலே இருப்பவருக்கு அதிகமாக. 1981இல் பட்ஜெட்டில் வரவும் செலவும் நேரானது.

இதில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். நெருக்கடி வரும்போது எந்த நகரமும் முதலில் கடன் வாங்குவது தன் ஊழியரிடம். சம்பள உயர்வை ஒத்திவைத்தால் அது கடன். சம்பளம் ஒன்றாம் தேதிக்குப் பதில் இருபதாம் தேதி வந்தால் அது பத்தொன்பது நாள் கடன், வட்டி இல்லாமல். பென்ஷன் என்பதே இன்றைக்கு வேலை வாங்கிக்கொண்டு முப்பது வருடம் கழித்துத் தருகிறேன் என்று சொல்லி வாங்கிய கடன்தானே. நியூயார்க்கில் அந்தக் கடனுக்குப் பத்திரம் எழுதினார்கள், வட்டி போட்டார்கள், கொடுக்க மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லும் தைரியமும் பலமும் கொடுக்கிறவர்களுக்கு இருந்தது. அந்தப் பலத்துக்குப் பெயர்தான் சங்கம்.

இதைச் சொல்லிவிட்டு அங்கே எல்லாம் சுபம் என்று முடித்தால் பொய். சப்வே கட்டணம் 35 சென்டிலிருந்து 50 ஆனது. நூற்றிருபது வருடத்துக்கு மேல் இலவசமாக இருந்த கல்லூரிப் படிப்புக்கு 1976இல் ஃபீஸ் வந்தது. புரூக்ளினில் நார்த்சைடு பக்கம் ஒரு தீயணைப்பு நிலையத்தை மூட ஆள் வந்தபோது, அக்கம்பக்கத்து ஜனங்கள் உள்ளே புகுந்து வண்டியை வெளியே விடாமல் மறித்து, வருடத்துக்கு மேல் முறை வைத்து அங்கேயே தங்கி, கடைசியில் அதைத் திறக்க வைத்தார்கள். மரவீடுகள் நெருக்கியடித்து நின்ற பகுதி அது, அவர்களுக்குத் தெரியும் எது போனால் எது எரியும் என்று. சங்கங்கள் பேசி முடித்ததிலும் ஒரு ஓட்டை இருந்தது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவனை முதலில் அனுப்பு என்பது சங்க விதி. கடைசியாகச் சேர்ந்தவர்கள் யார்? அதுவரை அந்த வேலைகளுக்குள் விடப்படாமல் இருந்து அப்போதுதான் நுழைந்திருந்த கறுப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கோக்காரர், பெண்கள். பழைய ஆட்களின் பென்ஷன் பிழைத்தது, புதிய ஆட்களின் வேலை போனது. இதை எந்தச் சங்க ஆண்டு விழாவிலும் யாரும் மைக்கில் சொல்ல மாட்டார்கள்.

பென்ஷன் விஷயத்திலும் சங்கங்கள்மேல் குறை உண்டு என்றேனே, அதற்கு டெட்ராய்ட்டைப் பாருங்கள், அது நிஜமாகவே திவாலான ஊர். 1950இல் பதினெட்டு லட்சம் பேருக்கு மேல் இருந்த நகரத்தில் 2010இல் ஏழு லட்சம் பேர். 2013 ஜூலை 18ஆம் தேதி 1,800 கோடி டாலர் அளவுக்குக் கடன் இருக்கிறது என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே பென்ஷன் வாரியத்தில் ஊழியர் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருந்தார்கள். முதலீட்டில் கூடுதல் வருமானம் வந்த வருடங்களில் அதை மோசமான வருடத்துக்கு ஒதுக்கி வைக்காமல், 'பதின்மூன்றாவது செக்' என்று வருடத்துக்கு ஒரு கூடுதல் மாதத் தொகை மாதிரி பல காலம் பிரித்துக் கொடுத்தார்கள். தீபாவளி போனஸ் வாங்குகிற சந்தோஷம் எனக்கும் தெரியும், ஆனால் விதைநெல்லை அவித்துத் தின்கிற வேலை அது. திவால் வந்தபோது, மிச்சிகன் மாநில அரசியல் சட்டமே பென்ஷனில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியும், திவால் சட்டத்தின் கீழ் குறைக்கலாம் என்றார் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ். ஓய்வு பெற்ற ஊழியர்கள் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் ஏறினார்கள், வங்கிகளும் பத்திரக்காரர்களும் இருந்த அதே பட்டியலில். வீட்டுக்குத் தபாலில் ஓட்டுச் சீட்டு வந்தது, உங்கள் பென்ஷனைக் குறைக்கச் சம்மதமா என்று. பெரும்பாலோர் சம்மதம் என்று குத்தினார்கள், இல்லாவிட்டால் இன்னும் அதிகம் வெட்டுவோம் என்று சொல்லியிருந்தார்கள். போலீஸ், தீயணைப்பு தவிர்த்த பொது ஊழியருக்கு நாலரை சதவீத வெட்டு, விலைவாசி உயர்வுக்கான கூடுதல் தொகையும் போயிற்று, மருத்துவச் செலவுக்கு நகரம் கொடுத்தது கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அவர்கள் சராசரிப் பென்ஷன் வருடத்துக்கு 19,000 டாலர் அளவு, அந்த ஊர் விலைவாசியில் அது ஒன்றும் ராஜ வாழ்க்கை இல்லை. அருங்காட்சியகத்தில் இருந்த ஓவியங்களைக் கடனுக்காக ஏலம் விடாமல் காப்பாற்ற அறக்கட்டளைகளும் மாநில அரசும் சேர்ந்து இருபது வருடத்தில் 81 கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னதால்தான் வெட்டு அந்த அளவோடு நின்றது. ஓவியம் பிழைத்த புண்ணியத்தில் கிழவன் கஞ்சியும் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் கொரோனா நெருக்கடியைச் சொல்லி அகவிலைப்படி உயர்வை நிறுத்தினார்கள், ஈட்டிய விடுப்பு சரணடைப்பதையும், அதாவது எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணம் வாங்குவதையும், நிறுத்தினார்கள். நிறுத்திய காலத்துக்கு அரியர் வரவில்லை, ஆக அது கடன்கூட இல்லை, போனது போனதுதான். ஓய்வூதியக்காரனான எனக்கும் போயிற்று. நான் அதைக் குறை சொல்லவில்லை, தினக்கூலிக்காரர் அடுப்பு எரியாமல் இருந்த நேரம், யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு யாராவது பட்ஜெட் பற்றி எழுதும்போது அந்தப் பணத்தை ஊழியர் கொடுத்த பணம் என்று ஒரு வரி எழுதுகிறார்களா என்று பார்க்கிறேன், ஊகூம்.

அதைவிட மோசமான ஒன்றை நான் கையாலேயே செய்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி, நான் வேலை பார்த்த ஒரு நகராட்சி, ஊர் பெயர் வேண்டாம். வசூல் மோசம். சம்பளப் பட்டியல் போடும்போது ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் பிடித்தங்கள் வரிசையாக இருக்கும். பி.எஃப்., கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் கடன் தவணை, இன்சூரன்ஸ், விழாக்கால முன்பணம். பிடித்தது போக மீதியைப் பட்டுவாடா செய்துவிடுவோம். பிடித்த பணத்துக்குத் தனித்தனியாகச் செக் எழுதுவோம், பதிவேட்டில் ஏற்றுவோம், செலவு எழுதியாகிவிடும். செக்கை மட்டும் அனுப்ப மாட்டோம், பீரோவில் வைத்துப் பூட்டுவோம். பேங்கில் பணம் இருந்தால்தானே அனுப்ப. மார்ச் வசூல் வரட்டும் என்பார் மேலே இருந்தவர். அந்தப் பணத்தில்தான் லாரிக்கு டீசல் போட்டோம், தெருவிளக்குக்குக் கரண்ட் பில் கட்டினோம்.

ஒரு நாள் மத்தியானம் தூய்மைப் பணியாளர் ஒரு அம்மா என் மேசைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். பாலிதீன் கவருக்குள் இரண்டு காகிதம் மடித்து வைத்திருந்தார், ஒன்று சம்பளச் சீட்டு, இன்னொன்று அந்தக் கூட்டுறவுச் சொசைட்டியிலிருந்து வந்த நோட்டீஸ். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு ஆறு மாதத் தவணை பாக்கி, உடனே கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர்மேல் நடவடிக்கை என்று. ஜாமீன் போட்டவர் அதே வார்டில் அவரோடு வண்டி தள்ளுகிறவர். சம்பளச் சீட்டில் ஆறு மாதமும் தவணை பிடித்தது என் கையெழுத்திலேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, 'சார், நான் கட்டினேனா கட்டலையா?' என்று கேட்டார். சத்தம் போடவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்குப் பின்னால் நாலு அடியில் அந்த பீரோ. நான் என்ன சொன்னேன் என்றால், அனுப்பிவிடுவோம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்றேன்.

வாத்தியார்களிடம் 15 கோடி டாலர் வாங்க கவர்னரும் வங்கிக்காரரும் விடிய விடியக் கெஞ்சினார்கள் என்று குவீன்ஸ் நூலகத்தில் படித்தபோது எனக்கு அந்த அம்மா முகம்தான் வந்தது. அவரிடம் நாங்கள் கேட்கக்கூட இல்லை. அந்த ஊரில் அப்போது சங்கம் இருந்தது, ஆனால் நிரந்தர ஊழியர் நாலு பேரின் டிரான்ஸ்ஃபரைத் தடுப்பதைத் தாண்டி அது எதையும் கேட்டதில்லை, நானும் அதில் பொருளாளராக இரண்டு வருடம் இருந்திருக்கிறேன், அதனால் தெரியும். பீரோவில் செக் இருக்கிறது என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலே இருந்தவருக்குப் பயம், அவ்வளவுதான், வேறு காரணம் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, கம்பெனிக்கு மாறினால் இப்போது கையில் வாங்குகிற சம்பளம் குறையும் என்பது. அதை உங்கள் வாசகர் பேராசை என்கிறார். ஒரு கணக்குக்காரனாக நான் கேட்பது, நகரம் மிச்சம் பிடிக்கும் பணத்தில் எவ்வளவு அந்த அம்மாக்களின் கையிலிருந்து வருகிறது என்று யாராவது தனியாக எழுதிக் காட்டுங்கள், அப்புறம் பேராசையா இல்லையா பார்ப்போம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் உள்ளாட்சி பட்ஜெட் வந்ததும் சம்பளச் செலவு இத்தனை சதவீதம் என்று பெட்டி கட்டிப் போடுகிறீர்கள். பக்கத்தில் இன்னொரு வரியும் சேர்த்துப் போடுங்கள்: ஊழியரிடம் பிடித்து இன்னும் உரிய இடத்தில் கட்டாத தொகை இவ்வளவு என்று. நிருபர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் கிடைக்கும், கணக்குப் பிரிவில் யாரிடமாவது டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் இன்னும் சீக்கிரம் கிடைக்கும். பூஜ்யமாக இருந்தால் நல்லது, அதையும் போடுங்கள்.

அந்த அம்மாவின் செக் அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்துத்தான் போயிற்று. மொத்தம் எட்டு மாதத் தாமதம். சொசைட்டி விதிப்படி தாமதத்துக்கு அபராத வட்டி போட்டார்கள், 412 ரூபாய். தப்பு நகராட்சியுடையது, அதனால் நகராட்சி கட்ட வேண்டும் என்று நான் குறிப்பு எழுதி வைத்தேன். அதற்குத் தனியாகக் கணக்குத் தலைப்பு இல்லை என்று திரும்பி வந்தது. அடுத்த மாதச் சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு நேராகச் சொசைட்டி என்ற கட்டத்தில் வழக்கமான தவணையோடு 412 ரூபாயைக் கூட்டி எழுதியது நான்தான். அவர் எதுவும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டு மீதியை வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நகராட்சிக் கணக்கர்,
ஸ்ரீரங்கம்.